மட்டக்களப்பு வாவியில் படகு: முகத்துவாரம், பாதை, துறையடி, 'லொக்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிப் பக்கம் ஒரு ஃபைபர் தோணி வைத்திருக்கிறேன். அப்பா மண்முனைப் பாதையில், அதாவது ஆற்றைக் கடக்கும் மிதவையில், வேலை செய்தவர். ஆற்றைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் அனுப்பிவிடுகிறார்கள். லண்டனிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள், கொழும்பிலிருந்து வரும் ஒபிஸ் கூட்டம், மண்டூர்த் திருவிழாவுக்குப் போகும் அம்மாமார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

ஆறு எண்டும் சொல்றீங்க, வாவி எண்டும் சொல்றீங்க. எது சரி?

இரண்டும் ஒன்றுதான். புத்தகத்திலும் பெயர்ப்பலகையிலும் வாவி, ஊர் வாயில் ஆறு. "ஆத்து மீன்", "ஆத்தங்கரை" என்றால் இதைத்தான் சொல்கிறோம். வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பக்கம் தொடங்கி, தெற்கே கல்முனைக்கு மேற்கால் அம்பாறை மாவட்டத்துக்குள்ளும் போகிறது. நீளம் சுமார் 56 கிலோமீற்றர். முந்தனை ஆறு போன்ற உண்மையான ஆறுகள் மேற்கிலிருந்து வந்து இதற்குள் விழுகின்றன.

கடல் பக்கத்துக் கரை எழுவான்கரை, வயலும் காடும் உள்ள கரை படுவான்கரை. சூரியன் எழுவதும் படுவதும்தான் கணக்கு. படகுக்காரரிடம் இடம் சொல்லும்போது வலப்பக்கம் இடப்பக்கம் என்று சொல்லாதீர்கள். தோணி திரும்பினால் வலம் இடமாகிவிடும், எழுவான் எழுவானாகவே இருக்கும்.

ஆழம் எவ்வளவு வரும்?

பல இடங்களில் நெஞ்சளவும் இல்லை. பாலத்தடியிலும், முகத்துவாரத்துக்கு, அதாவது வாவி கடலோடு சேரும் வாய்க்குப் போகும் ஓடையிலும் ஆழம் கூட வரும். ஆழம் குறைவு என்று இறங்கி நடக்கப் பார்க்காதீர்கள். அடியில் சேறு. முழங்கால் வரை புதைந்தால் செருப்பு அங்கேயே தங்கிவிடும், சில வேளை ஆளும் தங்கவேண்டி வரும்.

முகத்துவாரத்தால கடலுக்குப் போய்த் திரும்பி வரலாமா அண்ணே?

வாய் திறந்திருந்தால், காற்று இல்லாவிட்டால், ஓட்டுகிறவர் அந்த இடத்தில் பழகியவராக இருந்தால் போகலாம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் போக மாட்டேன்.

வாவிக்குக் கடல் வாய் இரண்டு. ஒன்று நகரத்துக்கு வடக்கே பாலமீன்மடுவில். வெளிச்சவீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அதைக் கண்டிருப்பீர்கள். 1913இல் கட்டிய வெளிச்சவீடு அது. மற்றது தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கம். இரண்டுக்கும் கதவு மணல்தான். கோடையில் ஆற்றுநீர் குறைந்துவிடும், அலை மணலைக் கொண்டுவந்து வாயில் கொட்டும். நம்முடைய கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றரும் வராது. அந்தச் சின்ன அசைவால் மணலை அரித்து வெளியே தள்ள முடியாது. மெல்ல மெல்ல வாய் ஒடுங்கி, ஒருநாள் பிள்ளைகள் அதன் மேலால் நடந்து போவார்கள். எந்த மாதம் அடையும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

திறந்திருக்கும் காலத்திலும் வாயின் முன்னால் கடலுக்குள் ஒரு மணல்மேடு நிற்கும். அலை அங்கேதான் உடையும். வெளியே போகும்போது முகத்தில் அலை, திரும்பி வரும்போது முதுகில் அலை. முதுகில் வருவதுதான் மோசம், தோணியைக் குறுக்கே திருப்பிவிடும்.

முகத்துவாரம் எப்ப வெட்டுவாங்க? அதை யார் முடிவெடுக்கிறது?

மாரி மழை இறங்கி வாவி நிரம்பும் காலத்தில், பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நீர்ப்பாசனக்காரர், விவசாயத்தைப் பார்க்கும் கமநலக்காரர், மீன்பிடிக்காரர் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். படுவான்கரை விவசாயி வயலில் தண்ணீர் நிற்கிறது, உடனே வெட்டு என்பார். ஆற்று மீனவர்களுக்கு வேறு கணக்கு. இறால் எப்போது உள்ளே வரும், மீன் எப்போது வெளியே போகும், உப்பு எவ்வளவு ஏறும் என்று அவர்கள் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு ஆண்டும் ஒரு சண்டை.

வெட்டுவதை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தேன். பெக்கோ இயந்திரம் தோண்டியது ஒரு வாய்க்கால் அளவுதான், நான் எட்டித் தாண்டியிருப்பேன். முதலில் தண்ணீர் தயங்கித் தயங்கி ஓடியது, பாசி நிறம், மேலே இரண்டு மூன்று ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மிதந்துகொண்டு. கொஞ்ச நேரத்தில் இரண்டு கரையும் பாண் துண்டு மாதிரி நேராக வெட்டுண்டு விழத் தொடங்கியது. ஒவ்வொரு துண்டும் விழும்போது 'தொப்' என்று ஒரு சத்தம். "பின்னால போங்க, பின்னால போங்க" என்று எல்லாரையும் விரட்டினார்கள். பின்னேரம் பார்த்தால் அதே இடத்தில் ஒரு பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தலாம். வாவியின் மட்டம் கடலை விட உயர்ந்திருந்தால்தான் இந்த அரிப்பு நடக்கும். மட்டம் ஏறுமுன் வெட்டினால் வந்த அலையே திரும்ப மூடிவிட்டுப் போகும்.

வெட்டிய முதல் சில நாள் அந்தப் பக்கம் தோணியைக் கொண்டுபோகவே கூடாது. இழுவை அப்படி.

லண்டன்ல எங்கட மாமா 'லொக்' எண்டு சொன்னார். அது வான்கதவு மாதிரியா?

பார்வைக்கு ஒரே குடும்பம், வேலை வேறு. உன்னிச்சைக் குளத்தில் வான்கதவு திறந்தால் தண்ணீர் போகும். லொக் திறந்தால் படகு போகும். தமிழில் நீர்ப்பூட்டு என்று எழுதுவார்கள். நான் லொக் என்றே சொல்கிறேன்.

கால்வாய் ஒன்று மேட்டில் ஏறவேண்டும் என்று வையுங்கள். தண்ணீர் மேட்டில் ஏறாது. அதனால் கால்வாயைப் படிக்கட்டு மாதிரி தட்டுத்தட்டாக வெட்டுவார்கள், ஒவ்வொரு தட்டிலும் தண்ணீர் சமமாக நிற்கும். கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் கல்லால் கட்டிய ஒரு தொட்டி, அதற்குக் கீழே ஒரு கதவு, மேலே ஒரு கதவு. படகு தொட்டிக்குள் வந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி, மேலிருந்து தண்ணீரை உள்ளே விட்டால் படகு தானாக உயரும். மேல்தட்டு மட்டத்துக்கு வந்ததும் மேல்கதவைத் திறந்து போய்விடலாம். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்யவேண்டும். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சீனாவின் பெருங்கால்வாயில் 984ஆம் ஆண்டிலேயே இப்படி ஒன்று கட்டியிருக்கிறார்கள். பனாமாக் கால்வாயில் கப்பல்கள் 26 மீற்றர் உயரம் ஏறி இறங்குவதும் இதே வித்தையால்தான்.

நீங்க கண்ணால கண்டதுண்டா, இல்ல வீடியோ பாத்துட்டுச் சொல்றீங்களா?

கண்டேன், தள்ளியும் இருக்கிறேன். அக்கா இருப்பது பேர்மிங்ஹாமில். போன இடத்தில் அத்தான் ஹற்றன் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். நம்ம மலையகத்து ஹற்றன் இல்லை, வார்விக் பக்கத்து ஹற்றன். கிராண்ட் யூனியன் கால்வாயில் ஒரு குன்றின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக 21 லொக். மூன்று கிலோமீற்றருக்குள் சுமார் 45 மீற்றர் ஏற்றம். கீழே நின்று பார்த்தால் மெழுகுதிரி மாதிரிச் சரிந்த தூண்கள் வரிசையாக மேலே போகும். அந்தத் தூணின் தலையில் ஒரு இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் உள்ளே நீர்மடை திறக்கும். சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுவிடும். ஒரு படகுக்கார அம்மா சிரித்துக்கொண்டு "மெதுவாக, அவசரமில்லை" என்று கைகாட்டினா.

கதவு ஒவ்வொன்றிலும் நீளமான மரவளை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் வெள்ளைப் பெயின்ற். கையால் தள்ளினால் அசையாது. அதில் முதுகைக் கொடுத்து, காலை நிலத்தில் ஊன்றித் தள்ளவேண்டும். இரண்டு பக்கமும் மட்டம் சமமாகும் வரை யானை வந்தாலும் திறக்காது. கதவுகள் இரண்டும் மேல் தண்ணீரைப் பார்த்து ஆப்பு மாதிரிக் கூடி நிற்பதால், தண்ணீரின் பாரமே அவற்றை இறுக்கிப் பூட்டி வைக்கிறது. சமமானதும் ஒரு சின்ன 'கிளுக்', பிறகு வெண்ணெய் மாதிரிப் போகும். அந்தக் கிளுக்கைக் கேட்கத்தான் நான் நாலு லொக் இலவசமாக வேலை செய்தேன்.

அதில ஆபத்து ஒண்டும் இல்லையா?

இருக்கிறது. மேல்கதவுக்குக் கீழே தொட்டிக்குள் ஒரு கல்வாசற்படி நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்பியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. படகை இறக்கும்போது பின்பக்கம் அந்தப் படியில் மாட்டினால், தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கம் தொங்க, முன்பக்கம் அமிழும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்கவேண்டும். பிள்ளைகளைக் கதவின் மேல் ஓடவிடக்கூடாது.

அங்க லொக்கடியில படகுக்காரருக்கு என்னென்ன வசதி குடுக்கிறாங்க?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி. 2012இலிருந்து அங்கே கால்வாய்களைப் பார்ப்பது ஒரு அறக்கட்டளை. படகுக்காரர் எல்லாரிடமும் ஒரே மாதிரித் திறப்பு (சாவி) ஒன்று இருக்கும். வழியில் வசதிக்கட்டடம் எங்கே கண்டாலும் அந்தத் திறப்பால் திறக்கலாம். குடிதண்ணீர்க் குழாய், படகுக் கழிப்பறைத் தொட்டியைக் கழுவி ஊற்றும் இடம், குப்பைத் தொட்டி, சில இடங்களில் குளிக்கும் அறை. கரையோரம் கயிறு கட்ட வளையங்கள், எத்தனை நாள் நிற்கலாம் என்று ஒரு பலகை. ஹற்றன் மேட்டின் உச்சியில் தேநீர்க் கடையும் உண்டு. பெரிய ஆடம்பரம் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த தண்ணீர்க் குழாய் எங்கே என்பது படகுக்காரருக்கு முதலே தெரியும்.

சரி, இங்க துறையடியில என்ன இருக்கு? தோணி எங்கெங்க கட்டலாம்?

புளியந்தீவுப் பக்கம் காந்திப் பூங்காக் கரையும் அதை ஒட்டிய 'மட்டக்களப்பு வாயில்' என்ற நுழைவாயிலும்தான் நகரத்துக்கு நடுவான இடம். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய நினைவாக அங்கே சிலை இருக்கிறது. இறங்கினால் கடை, பாமசி, பஸ் எல்லாம் நடைதூரம். 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடம் பிடித்த கோட்டை அந்தப் பக்கம்தான். தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் அது ஏன் அங்கே நிற்கிறது என்று விளங்கும். இரண்டு பக்கமும் ஆறு. கல்லடியில் பாலத்தடி, பாலமீன்மடுவில் வெளிச்சவீட்டடி, பிறகு பாதை ஓடும் துறைகள். மற்றபடி தென்னையும் கண்டலும் உள்ள கரைதான். கயிற்றை மரத்தில் கட்டலாம், ஆனால் அது யாரோ ஒருவருடைய வளவு. ஒரு சொல் கேட்டுக் கட்டினால் இளநீரும் கிடைக்கும். கேட்காமல் கட்டினால் நாய் கிடைக்கும்.

குடிதண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள், ஆளுக்கு இரண்டு லீற்றர். வாவித் தண்ணீர் உவர், முகம் கழுவலாம், அவ்வளவுதான். கழிப்பறை விஷயத்தில் வெட்கப்படாமல் சொல்கிறேன். நகரத்தை விட்டுத் தெற்கே திரும்பினால் பெண்களுக்கு ஒழுங்கான இடம் கிடைப்பது பெரிய பாடு. புறப்படுமுன் போய்விட்டு வாருங்கள், நீண்ட பயணமென்றால் பாதைத் துறையை நடுவில் வைத்துத் திட்டம் போடுங்கள். எங்களுக்கு ஆசைப்படவேண்டிய சாமான் லொக் இல்லை, அந்த ஒரே திறப்பால் திறக்கும் கழிப்பறைதான் என்று அத்தானிடம் அன்றைக்கே சொன்னேன்.

பெற்றோல் எங்க அடிக்கிறது?

தண்ணீரோரத்தில் அடிக்க முடியாது. நகரத்து எண்ணெய் செட்டில் கானில் வாங்கிக் கொண்டுவரவேண்டும். நிறையப் பேருடைய எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுச் சவள் (துடுப்பு)தான் வலித்தோம். அந்த ஆண்டுதான் என் மகன் தோணி ஓட்டப் பழகினான்.

'பாதை' எண்டா ரோட்டா? பாதையில ஏறுங்க எண்டு சொன்னாங்க, ஒண்டும் விளங்கல்ல.

வெளியூர்க்காரர் எல்லாரும் குழம்புவது இதில்தான். இங்கே பாதை என்றால் ஆற்றைக் கடக்கும் மிதவை. தட்டையான தளம், ஆளும் மோட்டார் சைக்கிளும் ஆட்டுக்குட்டியும் நெல்மூட்டையும் ஏறும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் பாதையில்தான் சனம் பழகியது. பாலம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சனத்துக்கு நரைத்துவிட்டது.

மண்முனையிலும் பாதை ஓடியது. 2014இல் ஜப்பான் உதவியோடு பாலம் திறந்தபோது அது நின்றது. கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு இப்போது வாகனத்திலேயே போகலாம். அதற்கு முன் பாதையைத் தவறவிட்டால் வலையிறவுப் பாலத்தால் சுற்றவேண்டும். பாலம் திறந்த அன்று அப்பா புதுச் சாரம் கட்டிப் போய் நடந்து பார்த்தார். நடுவில் நின்று கீழே தண்ணீரைப் பார்த்துவிட்டு, "எத்தின தரம் இதக் கடந்திருப்பன், மேலால ஒருநாளும் பாக்கல்ல" என்றார்.

மண்டூர்த் திருவிழாவுக்கு வாறம், வயசான ஆக்களும் இருக்காங்க. பாதையா, ரோட்டா?

வயதானவர்கள் இருந்தால் ரோட்டால் வாருங்கள். சின்னக் கதிர்காமம் என்று சொல்லும் கோயில், ஆவணியில் தீர்த்தம். அந்த நாட்களில் குருமண்வெளித் துறையில் நிற்க இடம் இருக்காது. ஆனால் நடக்கக்கூடியவர்கள் ஒருமுறையாவது பாதையால் போகவேண்டும். விடியப்புறம் போனால் நெரிசலும் குறைவு, காற்றும் குறைவு.

நீச்சல் தெரியாது. ஏறலாம்தானே?

உயிர்காப்பு அங்கி போட்டால் ஏறலாம். போட மாட்டேன் என்றால் நீச்சல் தெரிந்தவரையும் நான் ஏற்ற மாட்டேன். "நெஞ்சளவு தண்ணிதானே" என்று வாதாடுவார்கள். சேற்றைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அதுவும் தினமும் சனம் ஏறி இறங்கிய பாதைதான்.

அங்கியைத் தலையணையாக வைத்து உட்காராதீர்கள், கொளுக்கியை மாட்டுங்கள். பிள்ளைக்குப் பெரியவருடைய அங்கி சரிவராது, தண்ணீரில் விழுந்தால் அங்கி மேலேயும் பிள்ளை கீழேயும் போகும். தோணியில் எழும்பி நின்று செல்ஃபி எடுப்பவர்களை அடுத்த கரையில் இறக்கிவிடுவேன். இரண்டு பேரை இறக்கியும் இருக்கிறேன்.

முதலை இருக்கா?

இருக்கு. கையைத் தண்ணீருக்குள் தொங்கவிடாதீர்கள். கண்டல் ஓரத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள்.

மீன் பாடுறது உண்மையா? எந்த நேரம் வந்தா கேக்கலாம்?

உண்மைதான். கல்லடிப் பாலத்தடியில், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில். எஞ்சினை நிறுத்தி, தோணி அசையாமல் நின்றபின், சவளின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியைக் காதில் வையுங்கள். நனைந்த விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். மீனா, சிப்பியா, வேறு எதுவுமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

எல்லா இரவும் கேட்காது. 2013இல் திறந்த புதுப்பாலத்தில் வாகனம் ஓயாது, அந்த இரைச்சலும் தண்ணீருக்குள் இறங்கும். நள்ளிரவு தாண்டினால் நல்லது. கேட்காவிட்டால் காசைத் திருப்பித் தா என்று கேட்காதீர்கள், மீனுக்கு நான் சம்பளம் கொடுப்பதில்லை.

எந்த மாசம் தோணி ஓட நல்லம்?

மார்ச்சும் ஏப்ரலும் எனக்குப் பிடிக்கும், தண்ணீர் கண்ணாடி. மே முடிவிலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று, மேற்கிலிருந்து சுடச்சுட வரும். அந்தக் காலத்தில் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ஓடி முடிக்கவேண்டும். நவம்பரிலிருந்து வாடை, மழை, முகத்துவார இழுவை. வேலையிருந்தால் மட்டும் போவேன்.

ஆத்துவாழை எஞ்சின்ல சிக்கினா என்ன செய்றது?

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். பலர் நிறுத்தாமல் வேகத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள், எஞ்சின் விசிறியைப் பிடிக்கும் 'பின்' ஆணி உடைந்துவிடும். எஞ்சினைத் தூக்கி, கையால் உருவி எடுத்து, அந்தத் திட்டிலிருந்து சவளால் வெளியே வந்தபின் ஓட்டுங்கள். உப்பு ஏறினால் ஆற்றுவாழை கருகிவிடும். முகத்துவாரம் வெகுநாள் மூடிக்கிடந்து மழைத்தண்ணீர் நிரம்பும்போதுதான் அதற்குக் கொண்டாட்டம். மீன்வலைகளும் இதே தொல்லை தரும். கம்பு ஊன்றி வரிசையாகக் கட்டியிருந்தால் சுற்றிப் போங்கள். வலையை அறுத்தால் அது ஒரு வீட்டின் சாப்பாடு.

வெள்ளம் வந்தா உங்கட தோணியில ரோட்டையும் கடக்கலாமா?

2011 ஜனவரி வெள்ளத்தில் ரோட்டுக்கு மேலாலும் தோணி ஓடியது. அது ஆளைக் காப்பாற்றும் வேலை, பொழுதுபோக்கு இல்லை. கல்முனைப் பக்கத்திலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கித் தாம்போதி (தண்ணீர் மேலால் பாயவிடும் தாழ்வான ரோட்டு) போன்ற இடங்களில் தண்ணீர் மேலே அமைதியாகத் தெரியும், தாம்போதியின் விளிம்பில் சுழித்து இறங்கும். தோணியை இழுத்துக் கம்பிவேலியில் மாட்டிவிடும். படையினரும் அனர்த்த முகாமைக்காரரும் ஒழுங்குபண்ணிய இடத்தில் மட்டும் கடவுங்கள்.

இங்கினியாகலையில இருந்து படகுலயே கடலுக்கு வந்து சேரலாமா? ஆறு ஒண்டுதானே?

ஆறு ஒன்றுதான், பட்டிப்பளை ஆறு. கல்லோயா என்றும் சொல்வார்கள். ஆனால் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் அதற்குக் குறுக்கே அணை போட்டுவிட்டது. அந்த அணையில் லொக் இல்லை. கீழேயும் வயலுக்குத் தண்ணீர் பிரிக்கும் அணைக்கட்டுகள். தோணியைத் தலையில் தூக்கி நடந்தால் உண்டு.

அந்த அணை தேக்கிய சேனநாயக்க சமுத்திரத்துக்குள்ளேயே படகுப் பயணம் இருக்கிறது, வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு. யானை தீவிலிருந்து தீவுக்கு நீந்திப் போவதை அங்கே காணலாம். தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே வரும். கடலோரம்தான் வேண்டுமென்றால் பொத்துவில் களப்பில் மீனவர்களே கண்டலுக்குள் கூட்டிப்போகிறார்கள்.

வெளிநாட்டுல இருந்து சொந்தப் பாய்க்கப்பல்ல வந்தா மட்டக்களப்பில நிறுத்தலாமா?

நாட்டுக்குள் நுழையும் பதிவை இங்கே செய்ய முடியாது, திருகோணமலைக்குப் போங்கள். வாவிக்குள் கொண்டுவருவதும் நடக்காது. வாயில் மணல், உள்ளே ஆழமில்லை, பாய்மரம் கல்லடிப் பாலத்தில் இடிக்கும். முந்தியும் பெரிய கப்பல் உள்ளே வந்ததில்லை. இலங்கையைச் சுற்றி ஓடிய நீராவிக் கப்பல்கள் வெளியே நங்கூரமிட, ஆளும் சாமானும் சிறு வள்ளங்களில் இறங்கும். 1928இல் ரயில் வந்தபின் அதுவும் போயிற்று. ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளுக்கு வாழைச்சேனைத் துறைமுகம் இருக்கிறது.

இலங்கையில லொக்கே கட்டல்லையா?

கட்டினார்கள், கொழும்பில். பேரா வாவி கடல்மட்டத்தை விட உயரம். அங்கிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு வள்ளம் இறங்க மக்கலம் லொக். மட்டம் வேறுபட்டது, சரக்கு இருந்தது, அதனால் லொக் வந்தது.

அப்ப பாலமீன்மடுவில ஒரு லொக் கட்டினா வருசம் முழுக்கப் படகு போகும்தானே? ஏன் ஒருத்தரும் கேக்கிறாங்க இல்ல?

இது எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளைகளின் கேள்வி. ஒரு எஞ்சினியர்த் தம்பியோடு இதற்காக இரண்டு தேநீர் குடித்தேன்.

லொக் தீர்ப்பது மட்ட வித்தியாசத்தை. நமக்குப் பிரச்சினை மட்டம் இல்லை, மணல். கோடையில் வாவிக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தொட்டியும் கதவும் தேவையே இல்லை. எவ்வளவு வடிவான கதவு போட்டாலும் அதற்கு வெளியே அலை மணலைக் கொட்டும். கதவைத் திறந்தால் முன்னால் மணல்மேடு நிற்கும். அதைத் தடுக்கக் கடலுக்குள் கல்லணை நீட்டவேண்டும். கல்லணை நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். ஒலுவிலைப் போய்ப் பாருங்கள். 2013இல் திறந்த துறைமுகம், வாயில் மணல் அடைத்து மீனவர் படகை வெளியே எடுக்க முடியாமல் தவித்தார்கள், வடக்கே தென்னந்தோப்புகளைக் கடல் தின்றது.

வெள்ளம் இன்னொன்று. மாரியில் வாய் பஸ் அகலத்துக்கும் மேலே விரிந்தால்தான் படுவான்கரைத் தண்ணீர் வடியும். ஹற்றன் லொக் ஒன்று நாலேகால் மீற்றர் அகலம், ஒரு தரம் நிரப்பச் சுமார் இரண்டு இலட்சம் லீற்றர். எங்கள் வெள்ளத்துக்கு அது தேநீர்க் கோப்பை. வாயைக் கல்லால் ஒடுக்கினால் விவசாயி என்னைத் தேடி வீட்டுக்கு வருவார்.

எஞ்சினியர்த் தம்பிக்கு நான் சொன்ன பட்டியல் சின்னது. பாதைத் துறைகளில் வழுக்காத படி, இரவில் ஒரு விளக்கு, தண்ணீர்க் குழாய், பூட்டுள்ள கழிப்பறை. முகத்துவாரம் வெட்டும் நாளைத் துறைகளில் முதலே எழுதிப் போட ஒரு கரும்பலகை. அவர் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

மனே, காத்து எழும்புது. அக்கரைக்கு இப்ப போகலாமா?

ஆற்றின் நடுவைப் பாருங்கள் அம்மா. அங்கே வெள்ளை நுரை தெரிந்தால் இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பின்னேரம் கச்சான் ஆறும், கூட்டிப் போகிறேன். ஆறாவிட்டால் நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வாருங்கள். கோழியைக் கூடையில் போட்டு வாயைக் கட்டிக்கொண்டு வாருங்கள், போனமுறை மாதிரி வேண்டாம்.